பாட்டுக் கோப்புகளை எங்கே, எப்படி வைப்பது?

குறுந்தகடுகளைக் கணினியில் ஏற்றும்போது எம்பி3 ஆக்காமல் ஃப்ளாக் வடிவில் சேமியுங்கள். வினாடிக்கு 1,411 கிலோபிட் கொண்ட மூல ஒலியில் ஒரு பிட்டும் இழக்கப்படாமலேயே கோப்பின் அளவு ஏறக்குறையப் பாதியாகிவிடும். அந்தக் கோப்பு ஹார்டு டிஸ்கில் இருந்தாலும் சுழலும் பாகமில்லாத எஸ்எஸ்டியில் இருந்தாலும், எண்களை ஒலிக்கான மின்னலையாக மாற்றும் டிஏசி கருவிக்குப் போய்ச் சேரும் எண்கள் அவையேதான் என்பதால், விலை உயர்ந்த டிஸ்க் வாங்கினால் இசை இனிமையாகும் என்ற பேச்சை நான் நம்புவதில்லை.

கவனிக்க வேண்டியது இரைச்சலைத்தான். கிருஷ்ணகிரியில் எங்கள் வீட்டுக் கூடத்தில், ஸ்பீக்கருக்கு அருகிலேயே சர்வரை (பாட்டுக் கோப்புகளை வைத்திருக்கும் கணினியை) வைத்திருந்தபோது, ஊர் அடங்கிய பிறகு வீணையின் மெல்லிய கமகங்களுக்கு ஊடே டிஸ்க் சுழலும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது; உள்ளறைக்கு மாற்றியதும் தொல்லை தீர்ந்தது. (பரணில் மட்டும் ஏற்றாதீர்கள், சித்திரை வெயிலில் அங்கே வெந்துவிடும்.) மடிக்கணினியை யுஎஸ்பி வழியாக டிஏசியுடன் இணைத்ததும் 'உம்ம்' என்ற ஒலி எழுந்தால் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள்; ஒலி நின்றுவிட்டால், நிலக்கம்பி இணைப்புகளுக்கிடையே உண்டான சுற்றே பெரும்பாலும் காரணம். யுஎஸ்பிக்குப் பதில் உலோக உறையற்ற ஈதர்நெட் (வலையமைப்பு) கம்பிக்கு மாறினால், அதன் இரு முனைகளிலும் உள்ள சிறு மின்மாற்றிகள் அச்சுற்றைத் துண்டித்துவிடும்.

வைஃபையும் போதும். ஆனால் கருங்கல் சுவர் வீடுகளில் அலை வலுவிழந்து பாட்டு விட்டு விட்டு வரலாம். மின்வெட்டு நேரும் ஊர்களில் சர்வருக்கு ஒரு யுபிஎஸ்ஸும், கோப்புகளுக்கு வேறொரு டிஸ்கில் இன்னொரு படியும் அவசியம்.