பவர் ஸ்டீயரிங் பம்ப்பை வீட்டிலேயே மாற்றும் முறை

திருப்பும்போது எஞ்சின் பக்கமிருந்து முனகல் எழுவதும், வண்டியை நிறுத்தும் வேளையில் ஸ்டீயரிங் கனத்துப்போவதும் பம்ப் தேய்ந்ததன் அறிகுறிகளாக இருக்கலாம். ஆனால் ஸ்டீயரிங் ஆயில் குறைந்தாலும், பெல்ட் தளர்ந்தாலும், ஓஸில் கசிவு இருந்தாலும் இதே அறிகுறிகள் தோன்றும் என்பதால், அவற்றை முதலில் பார்த்துவிட வேண்டும். பெல்ட்டால் ஓடும் ஹைட்ராலிக் பம்ப்புக்கே இம்முறை பொருந்தும். முழுவதும் மின்மோட்டாரால் இயங்கும் ஸ்டீயரிங்கில் இத்தகைய பம்ப் கிடையாது.

எஞ்சின் நன்றாக ஆறிய பின் பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றி, பெல்ட் எந்தெந்தப் புல்லியைச் சுற்றிப் போகிறது என்பதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டீயரிங் ஆயில் தொட்டியிலுள்ள ஆயிலைப் பெரிய சிரிஞ்சால் உறிஞ்சி, அதில் ஒரு சொட்டை வெள்ளைத் துணியில் விட்டு வெளிச்சத்தில் பாருங்கள். பொடி மினுமினுப்பு தெரிந்தால், பழைய பம்ப் உதிர்த்த உலோகத் துகள்கள் ஓஸ்களிலும் தொட்டியின் அடிச்சல்லடையிலும் தங்கியிருக்கும். அவற்றைக் கழுவாமல் புதிய பம்ப்பைப் பொருத்தினால் அதுவும் விரைவில் கெடும்.

பெல்ட்டை இறுக்கமாக வைத்திருக்கும் டென்ஷனரைத் தளர்த்திப் பெல்ட்டை எடுத்தபின், கீழே தட்டு வைத்து இரு ஓஸ்களையும் கழற்றுங்கள். அவற்றில் பம்ப்பிலிருந்து ஆயிலை அழுத்தத்துடன் கொண்டுசெல்லும் அழுத்தக் குழாயின் நட்டு முனை மழுங்கிவிடக்கூடியது. ஆகவே சாதாரண ஸ்பேனரை விட, நட்டைப் பெரும்பாலும் சுற்றிப் பிடிக்கும் ஃபிளேர் நட் ஸ்பேனரே (flare nut spanner) உகந்தது. கசிவைத் தடுக்கும் பழைய ஓ-ரிங்கோ (ரப்பர் வளையம்) செப்பு வாஷரோ பொருத்துமிடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு, புதியதையே போடுங்கள்.

புல்லியைப் பழைய பம்ப்பிலிருந்து மாற்ற வேண்டியிருந்தால், ஷாஃப்ட் நுனிக்கும் புல்லிக்கும் உள்ள இடைவெளியை அளந்துகொண்டு, புல்லர் என்னும் இழுப்புக் கருவியால் கழற்றி, அதற்குரிய திருகுக் கருவியால் அதே அளவுக்கு ஏற்றுங்கள். சுத்தியலால் தட்டவே கூடாது. அந்த அதிர்ச்சி ஷாஃப்ட் வழியே உட்பாகங்களைச் சேதப்படுத்தும். போல்ட்டுகளைக் வண்டியின் கையேடு கூறும் டார்க் (முறுக்கு விசை) அளவுக்கு இறுக்கி, பெல்ட்டைப் படத்தின்படி மாட்டுங்கள்.

இனி வருவதே வேலையின் உயிர்நாடி. முன் சக்கரங்களைத் தூக்கி ஜாக் ஸ்டாண்டில் நிறுத்தி, தொட்டிக்குத் திரும்பும் ஓஸைக் கழற்றி ஒரு பாட்டிலில் விட்டு, தொட்டியின் அந்த வாயை அடைத்துவிடுங்கள். எஞ்சினை இயக்காமலே ஸ்டீயரிங்கை இருபுறமும் திருப்பிக்கொண்டு, கையேட்டில் குறிப்பிட்ட ஆயிலை மேலிருந்து ஊற்றிவந்தால், பழைய ஆயில் வெளியேறித் தெளிவான ஆயில் வரத் தொடங்கும். கூடுதலாக ஒரு லிட்டர் ஆயில் வாங்க நேர்ந்தாலும் இதைத் தவிர்க்காதீர்கள். பின்னர் ஓஸை மாட்டி, தொட்டி காலியாகாமல் பார்த்துக்கொண்டு, ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு 15 முதல் 20 முறை மெதுவாகத் திருப்புங்கள்.

தொட்டியில் காற்றுக் குமிழிகள் எழுவது நின்ற பிறகே பேட்டரியை இணைத்து எஞ்சினை இயக்கி, அதே போலச் சிலமுறை திருப்புங்கள். கோடியில் 5 விநாடிக்கு மேல் பிடித்து வைக்காதீர்கள். ஆயில் பால் போல நுரைத்தால் உள்ளே காற்று இருக்கிறது என்று பொருள். எஞ்சினை நிறுத்தி, நுரை அடங்கும்வரை காத்திருந்து மீண்டும் தொடருங்கள். ஒரு நாள் ஓட்டிய பின், எஞ்சின் ஆறியிருக்கும்போது ஆயில் அளவையும் இணைப்புகளில் ஈரம் உள்ளதா என்பதையும் மறுபடி பாருங்கள்.