தாத்தாவின் டைரியில் வீட்டுச் செலவைப் படிப்பது எப்படி?

பழைய டைரி கைக்கு வந்ததும் கல்யாணம், சாவு, பிரயாணம் எழுதிய பக்கங்களைத்தான் தேடுவோம். ஆனால் குடும்பம் அன்றாடம் எப்படி நடந்தது என்பது பால், கீரை, சலவைக் கூலி, கைமாற்று என்று ஓரத்தில் கிறுக்கிய வரிகளில்தான் இருக்கிறது. அவற்றை விட்டுவிடாதீர்கள்.

1. முதலில் படம் எடுங்கள். ஜன்னலோர வெளிச்சம் போதும், ஃபிளாஷ் வேண்டாம். நீல மை மங்கியிருந்தால் படம் திருத்தும் செயலியில் சிவப்பு சேனலை (படத்தின் சிவப்பு நிறப் பகுதியை) மட்டும் கறுப்பு வெள்ளையாக்குங்கள், எழுத்து எழும்பும். கிழிந்த தாளில் செலோடேப் ஒட்டவே கூடாது: பசை ஊறி மஞ்சள் கறையாகிவிடும். வெயிலில் காயவைத்தால் தாள் நொறுங்கும்.

2. தேதியை உறுதி செய்யுங்கள். அதிகம் தவறுவது இங்கேதான். தமிழ் வருடம் சித்திரையில் பிறக்கிறது. சர்வசித்து 1947 ஏப்ரலில் தொடங்கியது. ஆகவே 'சர்வசித்து, தை' என்றால் 1948 ஜனவரி, பிப்ரவரி. வருடப் பெயர் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும் என்பதையும் மறக்க வேண்டாம்.

3. குறிகளைப் பழகுங்கள். ௳ நாள், ௴ மாதம், ௵ வருடம், ௸ மேற்படி, ௹ ரூபாய். க, உ, எ, அ போலத் தெரிபவை எழுத்தாக இல்லாமல் 1, 2, 7, 8 என்ற எண்களாகவும் இருக்கலாம். 1978-க்கு முந்தைய கையெழுத்தில் 'லை', 'னை' யானைத் துதிக்கை போன்ற வளைவு போட்டு இருக்கும்.

4. பணத்தை மாற்றுங்கள். 16 அணா ஒரு ரூபாய், 12 பை (தம்பிடி) ஓர் அணா. '3-8-6' என்றால் 3 ரூபாய் 8 அணா 6 பை, அதாவது சுமார் 3.53 ரூபாய். 3.86 என்று படித்தால் மாதக் கணக்கே கோணிவிடும். 1957 ஏப்ரல் 1 முதல் நயா பைசா வந்தது. ஆனாலும் 'நாலணா' என்று எழுதும் பழக்கம் உடனே போய்விடவில்லை. அது 25 பைசா.

5. ஒரே மாதத்தை எடுத்து நோட்டில் நாலு பத்தி போடுங்கள்: தேதி, பொருள், அளவு, தொகை. பால் கணக்கு திடீரென்று கூடினால் விருந்தாளியா, பிரசவமா என்று அடுத்த வாரப் பக்கங்களில் பாருங்கள். கைமாற்று மாதக் கடைசியிலேயே வருகிறதா என்றும் கவனியுங்கள். சம்பளம் எத்தனை நாள் தாங்கியது என்று தெரியும். ஒரு வரியை வைத்து முடிவுக்கு வராதீர்கள், மூன்று மாதமாவது ஒப்பிடுங்கள்.

6. புரியாத பெயர்ச்சுருக்கங்களைப் பெரியம்மா, சித்தப்பாவிடம் கேளுங்கள். ஒரு தடவைக்குப் பத்து வரி போதும். டைரியை நீட்டாமல் வாசித்துக் காட்டுங்கள். பொடி எழுத்தோடு அவர்கள் மல்லுக்கட்ட வேண்டாம். சொல்வதைத் தேதியோடு தனி நோட்டில் எழுதுங்கள், டைரியில் பேனா படக்கூடாது.