22 பிகோஃபாரடை 61 என்று காட்டும் மீட்டர்: சின்ன மின்தேக்கியை அளப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூர் சிம் லிம் டவரில் வாங்கிய 22 பிகோஃபாரட் செராமிக் மின்தேக்கியை (கெப்பாசிட்டர்) வீட்டுக்கு வந்து அளந்தேன். மீட்டரில் 61. கடைக்காரர் சரக்கை மாற்றிக் கொடுத்துவிட்டாரோ என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். மின்தேக்கியைக் கழற்றிவிட்டு, ப்ரோப்கள் (மீட்டரின் அளக்கும் வயர்கள்) அப்படியே கிடக்கப் பார்த்தேன்: 39. அத்தனையும் வயர்களுடையது!

பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும் இரண்டு வயர்களே ஒரு மின்தேக்கிதான். மைக்ரோஃபாரட் (பத்து லட்சம் பிகோஃபாரட்) அளக்கும்போது அது கடலில் கரைத்த பெருங்காயம். பிகோஃபாரடிலோ கணக்கையே கவிழ்த்துவிடும். அதனால் முதலில் ரிலேட்டிவ் பொத்தானை அழுத்திச் சுழியாக்க வேண்டும். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். மின்தடை அளக்கும் பழக்கத்தில் ப்ரோப் முனைகளை ஒன்றோடொன்று தொட வைத்துச் சுழியாக்குகிறார்கள். மின்தேக்கிக்கு முனைகள் திறந்தே இருக்க வேண்டும். அளக்கும்போது வயர் எப்படிக் கிடக்குமோ அப்படியே வைத்துச் சுழியாக்குங்கள், அப்புறம் அதை நகர்த்தாதீர்கள். ஒரு விரற்கடை தள்ளினாலும் எண் மாறும். நான் நீள ப்ரோப்களையே விட்டுவிட்டேன். பனானா பிளக் இரண்டில் குட்டையான கெட்டிக் கம்பி வைத்து, மீட்டரிலேயே நேராகச் செருகுகிறேன்.

மின்தேக்கியின் கால்களை விரலால் பிடித்துக்கொண்டு அளக்காதீர்கள். உடம்பும் அளவில் சேர்ந்துகொள்ளும். நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்த்த விரல் வழியே மின்சாரமும் கசியும். பற்றவைக்காமல் பாகங்களைச் செருகும் பிரெட்போர்டும் வேண்டாம், அடுத்தடுத்த வரிசைகளுக்கிடையே அதற்கே சில பிகோஃபாரட் உண்டு. போர்டில் பற்றவைத்திருப்பதை ஒரு காலையாவது கழற்றிவிட்டுத்தான் அளக்க வேண்டும். மின்னேற்றம் மிச்சமிருந்தால் அதை வடித்துவிடுவதும் கட்டாயம், இல்லையென்றால் மீட்டரே போய்விடும்.

எக்ஸ்7ஆர் என்ற செராமிக் வகையைப் பற்றவைத்த சூட்டோடு அளந்தாலும் ஏமாந்துபோவோம். அந்தச் சூடே மதிப்பை ஏற்றிவிடும், பிறகு நாள்போக்கில் மெல்ல இறங்கும். என்பி0 என்ற இன்னொரு செராமிக் வகையில் இந்தத் தொல்லை இல்லை.

மீட்டரின் கையேட்டையும் ஒருமுறை பாருங்கள். துல்லியம் 4 சதவீதம், கூடவே 10 இலக்கம் (கடைசி இலக்கத்தில் 10 வரை கூடக்குறைய) என்று இருந்தால், கடைசி இலக்கம் 1 பிகோஃபாரட் ஆகும் மீட்டரில் 22 என்பது 12 ஆகவோ 32 ஆகவோ கூட இருக்கலாம். அடிமட்ட எண்களில் தடுமாறும் மீட்டர் என்றால், 1 நானோஃபாரட் (1000 பிகோஃபாரட்) என்பி0 ஒன்றைச் செருகி அளவைக் குறித்துக்கொண்டு, அதற்கு இணையாகச் சின்னதை வைத்து, கூடியதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். என் மின்தேக்கி அப்படி 23 காட்டியது. 10 பிகோஃபாரடுக்கும் கீழே போனால் மின்தூண்டல், மின்தேக்கம், மின்தடை மூன்றையும் அளக்கவென்றே உள்ள எல்சிஆர் மீட்டரைத்தான் தேட வேண்டும்.