அரிசிப் பசையால் கோடு, அவுரியால் பின்புலம்: துணியில் சித்திரம் தீட்டும் முறை

சாயம் ஏறாமல் மறைத்து வண்ணமிடும் ஜப்பானிய முறைகளுள், சித்திரம் வரைபவரின் கைக்கு மிக இயல்பாகப் படிவது ட்சுட்சுகாகி. மருதாணிக் கோனைப் போன்ற தாள் கூம்பில் அரிசிப் பசையை அடைத்து, துணியின் மேல் நேராகக் கோடு இழுப்பார்கள். பசை இருந்த இடத்தில் சாயம் ஏறாது என்பதால், கழுவியதும் அக்கோடு வெண்மையாக வெளிப்படும். வெள்ளைத் தாளில் கறுப்பு மையால் வரைந்து பழகியவர், கறுப்புத் தாளில் வெள்ளைப் பென்சிலால் மாதிரியை வரைந்து பார்த்த பிறகே துணியைத் தொட வேண்டும். நெருக்கமான நுண்கோடுகள் பசையில் ஒன்றோடொன்று கலந்துவிடும். அவற்றைக் குறைத்து உருவங்களைத் துணிவாகப் பெரிதாக்குங்கள். உருவம் வெட்டிய அச்சுத்தாளின் வழியே பசையிட்ட ஜப்பானியச் சாயக் கலைஞர் செரிசாவா கெய்சுகே (1895–1984), பலர் பகிர்ந்து செய்துவந்த வரைதல், வெட்டுதல், சாயமிடுதல் ஆகியவற்றைத் தாமே செய்தார். 1956இல் ஜப்பானிய அரசு அவரை வாழும் தேசியச் செல்வமாக அறிவித்தது. அவருடைய மாணவர் யுனோகி சமிரோவின் துணிகளில் உள்ள பெரிய, எளிய உருவங்களை இன்றைய சித்திரக்காரர்கள் அவசியம் பார்க்க வேண்டும்.

வேலையின் உயிர் பசையில்தான் இருக்கிறது. ஒட்டரிசி மாவையும் நைசாகச் சலித்த தவிட்டையும் ஏறக்குறைய சம அளவில் எடுத்து, நீர் விட்டுப் பிசைந்து, நடுவில் துளையுள்ள வளையங்களாக்கி, உள்வரை வேகும்படி சுமார் 1 மணி நேரம் ஆவியில் வேகவையுங்கள். சூடு ஆறுவதற்குள் நன்றாக மசித்து, உப்புக் கரைசலையும் சிறிது நீற்றிய சுண்ணாம்புக் கரைசலையும் சேர்த்தால், பழுப்பு நிறம் மஞ்சளுக்கு மாறிப் பசை இழுபடும். மாவு பிடிப்பைத் தருகிறது. தவிடு, பசை எளிதாகக் கழுவிப் போக உதவுகிறது. உப்பு ஈரத்தைப் பிடித்து வைப்பதால், வறண்ட காலத்தில் அதைச் சற்றுக் கூட்டாவிட்டால் கோடு வெடித்து, அந்த வெடிப்பு வழியே சாயம் புகும். மழைக்காலத்தில் குறைக்காவிட்டால் பசை காயாது.

கஞ்சி போகத் துவைத்த பருத்தித் துணியை விறைப்பாகக் கட்டி வரையுங்கள். பசை காய்ந்ததும், அன்றே அரைத்து வடித்த சோயாப் பாலைத் தூரிகையால் பூசி உலர்த்தி, அதே பாலில் குழைத்த நிறமிகளை உருவங்களுக்குள் மெல்லிய அடுக்குகளாகத் தேய்த்து ஏற்றுங்கள். பாலின் புரதம் இறுகி நிறமியைப் பற்றிக்கொள்ளச் சில வாரங்கள் விடுவது நல்லது. இதில் அவசரம் கூடாது. பிறகு வண்ணமிட்ட பகுதிகளைப் பசையால் முழுதும் மூடிக் காயவைத்து, துணியை மடிப்பு விழாமல் அவுரித் தொட்டியில் சிறிது நேரம் முக்கி, காற்றில் பச்சை நிறம் நீலமாகும் வரை விரித்துப் பிடித்து, வேண்டிய அடர்த்தி வரும்வரை திரும்பத் திரும்ப முக்குங்கள். நீண்ட நேரம் ஊறவிட்டால் பசை இளகிக் கோட்டின் விளிம்பு கெடும். இறுதியில் குளிர்ந்த நீரில் ஊறவைத்துப் பசை தானாக விலகும்வரை காத்திருந்து, எஞ்சியதை மென்மையான தூரிகையால் நீக்கி, நிழலில் உலர்த்துங்கள்.