போர்ட்டோவை மேலிருந்து கீழாகச் சுற்றுவது எப்படி? முதல்முறை போகிறவர்களுக்கு

போர்ட்டோவில் நான் செய்த முதல் தப்பு, கைபேசி வரைபடத்தை நம்பியது. ஆற்றங்கரையிலிருந்து விடுதிக்கு முந்நூறு மீட்டர்தான் என்று காட்டியது. அந்த முந்நூறு மீட்டரும் படிக்கட்டு. பெட்டியைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளாத குறையாக ஏறினேன். நாலாவது திருப்பத்தில் ஒரு பாட்டி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

போர்ச்சுகலின் வடக்கே, டோரு நதி அட்லாண்டிக்கில் கலப்பதற்குச் சற்று முன்னால், செங்குத்தான கரையில் தொற்றிக்கொண்டு நிற்கிற ஊர் இது. இங்கே தூரத்தைப் பார்க்கக் கூடாது, உயரத்தைப் பார்க்க வேண்டும். ஏற்றத்தைக் காலையில் முடித்துவிட்டு, மீதிப் பகலெல்லாம் இறங்கிக்கொண்டே இருப்பதுபோல் வழியை அமைத்துக்கொண்டால் ஒரே நாளில் பழைய நகரத்தை நன்றாகப் பார்க்கலாம். அந்த வழியைத்தான் கீழே சொல்கிறேன்.

படி 1: கிளம்புவதற்கு முன்

இந்தியா, இலங்கை பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு ஷெங்கன் என்ற ஐரோப்பியப் பொது விசா தேவை. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி 15 நாளுக்குள் விண்ணப்பிக்க முடியாது. குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவுக்கான பயணக் காப்பீடு கட்டாயம். கோடையில் விசா மையத்தில் தேதி கிடைப்பதே பெரும்பாடு, ஆகவே சீக்கிரம் தொடங்குங்கள்.

மே, ஜூன், செப்டம்பர் நல்ல மாதங்கள். குளிர்காலத்தில் மழை அடித்துப் பெய்யும். தெருவெல்லாம் பாவுகல், ஈரமானால் வழுக்கும். அடிப்பாகம் நன்றாகப் பிடிக்கிற காலணி ஒன்று போதும், அழகான செருப்பை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

ஜூன் 23 இரவு புனித யோவான் திருவிழா. ஊரே தெருவில் நிற்கும். பிளாஸ்டிக் சுத்தியலால் முன்பின் தெரியாதவர் தலையில் தட்டுவார்கள், நீங்களும் திருப்பித் தட்டலாம். தெருவோரம் மத்தி மீன் சுடுவார்கள், நள்ளிரவில் ஆற்றின் மேல் வாணவேடிக்கை. கூட்டம் பிடிக்குமென்றால் அன்றைக்கே போங்கள். பிடிக்காதென்றால் அந்த வாரமே வேண்டாம்.

படி 2: ஊருக்குள் வருவது

விமான நிலையத்திலிருந்து ஊதா நிற மெட்ரோ (ஈ வழித்தடம்) திரிந்தாதே நிலையத்துக்கு அரை மணி நேரத்தில் வந்து சேரும். 'அந்தாந்தே' என்ற அட்டையை இயந்திரத்தில் வாங்கி, பணம் ஏற்றிக்கொள்ளுங்கள். நிலையங்களில் பெரும்பாலும் தடுப்புக் கதவு கிடையாது, மஞ்சள் பெட்டியில் அட்டையை நாமாகத் தொட்டுக்காட்ட வேண்டும். வண்டி மாறும்போதும் மறுபடி தொட வேண்டும். மறந்துவிட்டுப் பரிசோதகரிடம் மாட்டினால் 'தெரியாது' என்ற பேச்சு எடுபடாது.

லிஸ்பனிலிருந்து வருகிறவர்களுக்கு ரயில்தான் சுகம், வேக ரயிலில் சுமார் மூன்று மணி நேரம். அது கம்பான்யா நிலையத்தோடு நின்றுவிடும். அங்கே இறங்கி, உள்ளூர் ரயிலில் ஐந்தே நிமிடம் போனால் ஊர் நடுவிலுள்ள சாவ் பென்ட்டோ நிலையம். இந்த மாற்றம் தெரியாமல் வாடகைக் கார் பிடிக்கிறவர்கள் ஏராளம்.

படி 3: காலையில் ஏற்றம்

முதலில் கிளெரிகுஸ் கோபுரம். இத்தாலியிலிருந்து வந்து இந்த ஊரிலேயே தங்கிவிட்ட நிக்கோலாவ் நசோனி கட்டியது, 1763-ல் முடிந்தது. உயரம் 75 மீட்டர் அளவுக்கு இருக்கும், இருநூற்றுச் சொச்சம் படிகள். படிக்கட்டு குறுகல், இறங்குகிறவரும் ஏறுகிறவரும் ஒருவருக்கொருவர் சுவரோடு ஒட்டி வழிவிட வேண்டும். திறந்தவுடன் போனால் இந்தத் தொல்லை இல்லை. மேலே நின்று ஆறு எங்கே, பாலம் எங்கே என்று மனதில் குறித்துக்கொள்ளுங்கள். இனிப் போகப்போகிற இடமெல்லாம் காலடியில் தெரியும்.

படி 4: சாவ் பென்ட்டோவில் அரை மணி நேரமாவது

கோபுரத்திலிருந்து இறக்கத்தில் நடந்தால் சாவ் பென்ட்டோ ரயில் நிலையம். ரயில் ஏறாவிட்டாலும் உள்ளே போகலாம், கட்டணம் இல்லை. பழைய கன்னிமாடம் இருந்த இடத்தில் கட்டி 1916-ல் திறந்தார்கள். முன்கூடத்துச் சுவர் முழுக்க நீல ஓடுகள், ஏறத்தாழ 20,000. வரைந்தவர் ஜோர்ஜ் கொலாசு.

பெரும்பாலானோர் ஒரு படம் எடுத்துக்கொண்டு ஓடிவிடுகிறார்கள். நீங்கள் 1415-ல் வட ஆப்பிரிக்கத் துறைமுகமான செவுட்டாவைப் போர்த்துக்கீசியர் பிடித்த காட்சியைத் தேடுங்கள். அதில் இருக்கிற இளவரசர் என்ரிக், 1394-ல் இதே ஊரில் பிறந்தவர். அந்தப் படையெடுப்புக்கு ஊரிலிருந்த இறைச்சியையெல்லாம் கப்பலில் ஏற்றி அனுப்பிவிட்டு, மக்கள் மிச்சமிருந்த குடலைச் சமைத்துத் தின்றார்களாம். அதனால்தான் போர்ட்டோக்காரர்களுக்கு 'குடல்தின்னிகள்' என்று பெயர் வந்தது என்பார்கள். அதைச் சொல்லும்போது அவர்கள் முகத்தில் வெட்கம் இருக்காது, பெருமைதான் இருக்கும். நம் குடல் குழம்பு ரசிகர்கள் அந்த ஊர் முறையில் வெள்ளை மொச்சையோடு வேகவைத்த குடலைத் தாராளமாகச் சாப்பிட்டுப் பார்க்கலாம்.

செவுட்டாவில் தொடங்கிய கடல் பயணங்களின் தொடர்ச்சியாகத்தான் பிற்பாடு போர்த்துக்கீசியர் நம் கரைக்கு வந்தார்கள். அதனால் இங்கே கடைப்பலகை படிப்பதே வேடிக்கையாக இருக்கும். ஜனேலா என்றால் ஜன்னல், ஷாவ் என்றால் சாவி, மேசா என்றால் மேசை. மொழி தெரியாத ஊரில் வீட்டுச் சாமான் பெயர் மட்டும் தெரிந்திருப்பது ஒரு விநோதமான சுகம்.

படி 5: மதிய உணவு

உட்கார்ந்ததுமே ரொட்டி, ஆலிவ் காய், பாலாடைக்கட்டி எல்லாம் கேட்காமலே வரும். இலவசம் இல்லை. தொட்டால் கணக்கில் ஏறும்; வேண்டாமென்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஊரின் பிரபலப் பண்டம் பிரான்சிசின்யா: ரொட்டிக்குள் இறைச்சி அடுக்குகள், மேலே உருகிய பாலாடைக்கட்டி, சுற்றிலும் பீர் கலந்த காரச் சாறு. என் கருத்தில் ஒன்றை இரண்டு பேர் சாப்பிட வேண்டும். சைவர்கள் 'செம் கார்னே, செம் பெய்ஷே' (இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம்) என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். கீரை சூப்பான கால்டு வெர்டேயில்கூட ஒரு துண்டு பன்றித் தொத்திறைச்சி மிதக்கும்.

படி 6: பேராலயத்திலிருந்து ஆற்றுக்கு

நிலையத்திலிருந்து சிறிய ஏற்றம், அதோடு ஏற்றம் முடிந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் தொடங்கிய பேராலயத்தின் முற்றத்தில் நின்று கூரைகளைப் பாருங்கள். பிறகு பாரெது பகுதியின் சந்துகள் வழியாக இறங்குங்கள். வழி தவறினால் பரவாயில்லை. கீழே போகிற எந்தச் சந்தும் கடைசியில் ஆற்றங்கரைக்குத்தான் கொண்டுவிடும்.

அந்தக் கரைதான் ரிபெய்ரா. உணவகக் குடைகளுக்குப் பக்கத்திலேயே சுவரில் ஒரு வெண்கலப் புடைப்புச் சிற்பம் இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. 1809 மார்ச் 29 அன்று நெப்போலியனின் படை ஊருக்குள் நுழைந்தபோது, தப்பி ஓடிய மக்கள் படகுகளைக் கோர்த்துக் கட்டிய பாலத்தில் நெருக்கியடித்து ஏறினார்கள். பாலம் தாங்கவில்லை. ஆற்றோடு போனவர்கள் ஏராளம். இன்றும் அங்கே மெழுகுவத்தி எரிகிறது. முதுகைத் திருப்பிக்கொண்டு தற்படம் எடுக்காமல் ஒரு நிமிடம் நில்லுங்கள்.

படி 7: கீழ்த்தட்டில் அக்கரை

அந்த இடத்துக்குப் பக்கத்தில் இன்று நிற்பது இரண்டு தட்டுள்ள லூயிஸ் இரும்புப் பாலம். பாரிஸ் ஈபில் கோபுரத்துக்குப் பெயர் தந்த ஈபிலின் கூட்டாளியாக இருந்த தியோஃபில் செய்ரிக் வடிவமைத்தது. மேல்தட்டு 1886-ல் திறந்தது. வளைவு ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 172 மீட்டர். கீழ்த்தட்டில் நடந்தால் எதிர்க்கரை ஊரான வில நோவ டி கையா.

'போர்ட்' என்று உலகம் அறிந்த இனிப்பு மதுவின் கிடங்குகள் இங்கேதான். திராட்சை விளைவது ஆற்றின் மேல்பகுதியில். முன்பு தட்டையான ரபெலு படகுகளில் பீப்பாய்களை ஏற்றிக் கொண்டுவந்து, கடல்காற்றில் குளிர்ந்திருக்கிற இந்தக் கரையில் ஆண்டுக்கணக்கில் வைப்பார்கள். புளித்துக்கொண்டிருக்கும்போதே திராட்சைச் சாராயத்தைச் சேர்ப்பதால் புளிப்பு நின்று சர்க்கரை தங்கிவிடுகிறது. குடிக்காதவர்களும் கிடங்குக்குள் ஒருமுறை போகலாம், அந்த மணத்துக்காகவே. வழிகாட்டி 'பீபா' என்று சொல்லும்போது காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். நம் பீப்பாய் அங்கிருந்து வந்ததுதான்.

படி 8: மேல்தட்டில் திரும்புவது

திரும்ப ஏற வேண்டாம். கரையிலிருந்து கம்பிவட ஊர்தி மேலே மொர்ரோ பூங்காவரை போகிறது. மூடும் நேரம் பருவத்துக்குப் பருவம் மாறும், முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். பூங்காப் புல்லில் உட்கார்ந்தால் எதிரே நாள் முழுக்க நடந்த ஊர் அடுக்கடுக்காகத் தெரியும். கையாவில் பார்க்க உருப்படியான ஒன்று போர்ட்டோதான் என்று போர்ட்டோக்காரர்கள் கேலி செய்வதில் கொஞ்சம் உண்மையும் உண்டு.

இருட்டியதும் பாலத்தின் மேல்தட்டில் நடந்து திரும்புங்கள். மெட்ரோவும் அதே தட்டில்தான் போகிறது, நடுவே தடுப்பு இல்லை. வண்டி மெல்லத்தான் வரும், மணியும் அடிக்கும். சத்தம் கேட்டதும் கைபேசியை இறக்கிவிட்டு ஓரத்துக்கு வந்துவிடுங்கள்.