ஐஎஃப்ஆர் பயணத்துக்கு உயரம் தேர்ந்தெடுப்பது எப்படி?

கருவிகளைப் பார்த்தே பறக்கும் ஐஎஃப்ஆர் பாடத்தைத் தொடங்குபவர்கள் ஒற்றைப்படை, இரட்டைப்படைக் கணக்கைத்தான் முதலில் மனப்பாடம் செய்கிறார்கள். அது சற்றுப் பொறுக்கட்டும். மேகத்துக்குள் இருக்கும்போது முதலில் தெரிய வேண்டியது, கீழே மலை எவ்வளவு உயரம் என்பதுதான். இங்கே தருவது அமெரிக்க விதிகள்.

படி 1: தரையைப் பாருங்கள். பாதைக்கான குறைந்தபட்ச உயரம் வரைபடத்தில் அச்சாகியிருந்தால், புறப்பாடும் தரையிறக்கமும் தவிர மற்ற நேரங்களில் அதற்குக் கீழே போகக் கூடாது. அச்சாகவில்லையா? பாதையிலிருந்து 4 கடல் மைலுக்குள் இருக்கும் மிக உயரமான தடையைக் கண்டுபிடித்து, அதனுடன் 1,000 அடி கூட்டுங்கள். மலைப்பகுதி என்று வகுக்கப்பட்ட இடமானால் 2,000 அடி.

படி 2: திசையைப் பாருங்கள். தரையிலிருந்து விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் வழிநடத்தும் கட்டுப்பாட்டு வான்வெளியில் அவர் தரும் உயரமே உங்கள் உயரம். கட்டுப்பாடற்ற வான்வெளியில், 18,000 அடிக்குக் கீழே, காந்தப் பாதை (காந்த வடக்கிலிருந்து அளந்த பாதையின் திசை) 0 முதல் 179 பாகை வரை என்றால் ஒற்றைப்படை ஆயிரங்கள். 180 முதல் 359 வரை என்றால் இரட்டைப்படை. பலர் சறுக்குவது இங்கேதான்: கணக்கில் வருவது நீங்கள் செல்லும் பாதை, விமானத்தின் மூக்கு பார்க்கும் திசை அல்ல. பக்கக் காற்று அடித்தால் இரண்டும் வேறாகிவிடும்.

ஒரு கணக்கு போடுவோம். பாதை 085 பாகை, மிக உயரமான தடை 5,300 அடி. சமவெளியில் 6,300 அடி தேவை; அடுத்த ஒற்றைப்படை ஆயிரம் 7,000. அதே தடை மலைப்பகுதியில் இருந்தால் 7,300 அடி தேவை, எனவே 9,000. திரும்பி வரும்போது பாதை 265 பாகை, இப்போது மலைப்பகுதியிலும் 8,000 போதும்.

படி 3: காற்றழுத்தத்தை வைத்து உயரம் காட்டும் உயரமானியைச் சரிசெய்யுங்கள். 18,000 அடிக்குக் கீழே, வழியில் 100 கடல் மைலுக்குள் உள்ள நிலையம் அறிவிக்கும் அழுத்தத்தை வையுங்கள். அதிலிருந்து மேலே எல்லோருக்கும் 29.92 அங்குலம் (பாதரச அளவில்). அழுத்தம் குறைந்த பகுதிக்குள் பழைய அழுத்த எண்ணுடனே நுழைந்தால், ஓர் அங்குல வேறுபாட்டுக்கு ஏறக்குறைய 1,000 அடி தாழ்வாகப் பறப்பீர்கள். உயரமானியோ அசையாமல் அதே உயரத்தைக் காட்டும். படி 1-இல் கூட்டி வைத்த 1,000 அடி அங்கேயே கரைந்துபோயிருக்கும்.