நான் பார்த்த ஊர், நான் வாழ்ந்த ஊர்: ஹூ, விச், வேர் குழப்பம் தீர ஒரு வழி

'நான் வாழ்ந்த ஊர்', 'நான் பார்த்த ஊர்'. இந்த இரண்டையும் ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். என் மாலை வகுப்புக்குப் புதிதாக வருகிறவர்களிடம் முதல் நாள் இதைத்தான் கேட்பேன். பெரும்பாலோர் இரண்டையுமே 'தி டவுன் வேர்' என்று தொடங்குவார்கள். ஊர் என்பது இடம், இடத்துக்கு 'வேர்' என்று பள்ளியில் மனப்பாடம் செய்தது அப்படியே வந்துவிடும். 'தி டவுன் வேர் ஐ லிவ்ட்' சரி. 'தி டவுன் வேர் ஐ சா' தவறு. அது 'தி டவுன் விச் ஐ சா' என்று வர வேண்டும்.

ஆளுக்கு ஹூ, பொருளுக்கு விச், இடத்துக்கு வேர் என்ற பட்டியலை எத்தனை முறை ஒப்பித்தாலும் இந்தத் தவறு போகாது. அந்தப் பெயர் ஆளா பொருளா என்பது பாதிக் கேள்விதான். வாக்கியத்துக்குள் அது என்ன வேலை செய்கிறது என்பது மீதிப் பாதி. அந்த வேலையைக் காட்டிக் கொடுக்கும் கருவி தமிழ் பேசும் எல்லோரிடமும் இருக்கிறது. அதுதான் வேற்றுமை உருபு.

ஹூ, விச் போன்ற இந்தச் சொற்களை ஆங்கில இலக்கணத்தில் ரிலேட்டிவ் ப்ரோநவுன் என்பார்கள். தமிழில் அவற்றின் வேலையைப் பெரும்பாலும் பெயரெச்சம் பார்த்துக்கொள்கிறது. வாழ்ந்த, பார்த்த, வாங்கிய, ஓடுகிற என்று வினையைப் பெயருக்கு முன்னால் வைத்தால் போதும். 'ஊரில் வாழ்ந்தேன்' என்பதில் உள்ள 'இல்', 'ஊரைப் பார்த்தேன்' என்பதில் உள்ள 'ஐ' இரண்டும் பெயரெச்சமாக மாறும்போது மறைந்துவிடும். நமக்கு அது புரிந்துவிடுவதால் தேடுவதில்லை. ஆங்கிலம் அப்படி மறைக்க விடாது. ஆகவே மறைந்த உருபை மீட்டெடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

முதல் படி: பெயரெச்சத்தைப் பிரித்து முழு வாக்கியமாக்குங்கள்

'நான் நேற்று வாங்கிய பேனா தொலைந்துவிட்டது' என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். பேனா தொலைந்துவிட்டது. அந்தப் பேனாவை நான் நேற்று வாங்கினேன். இப்படி இரண்டாக எழுதுங்கள். மனத்துக்குள் செய்யாதீர்கள், முதல் இரண்டு வாரமாவது தாளில் எழுதுங்கள்.

இரண்டாம் படி: அந்தப் பெயரின் வாலைப் பாருங்கள்

இரண்டாவது வாக்கியத்தில் 'பேனாவை' என்று வந்திருக்கிறது. அந்த 'ஐ'தான் நமக்கு வேண்டியது. உருபு எதுவும் இல்லையென்றால் அந்தப் பெயர் எழுவாய். ஆளானால் ஹூ, மற்றவற்றுக்கு விச். 'ஐ' வந்தால் ஆளுக்கு ஹூம், பொருளுக்கு விச். 'என்னைச் சந்தித்த டாக்டர்' என்றால் டாக்டர் என்னைச் சந்தித்தார், வால் இல்லை, 'தி டாக்டர் ஹூ மெட் மீ'. 'நான் சந்தித்த டாக்டர்' என்றால் டாக்டரைச் சந்தித்தேன், 'தி டாக்டர் ஹூம் ஐ மெட்'. இன்றைய பேச்சு ஆங்கிலத்தில் இந்த இடத்தில் ஹூ என்றே பலர் சொல்கிறார்கள். அதைத் தவறென்று யாரும் பிடிக்க மாட்டார்கள். தேர்விலும் அலுவலகக் கடிதத்திலும் ஹூம் எழுதுவது நல்லது.

உடைமைப் பொருள் வந்தால் ஹூஸ். இதில்தான் மாணவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள், ஏனென்றால் தமிழில் இங்கே உருபு இருந்த சுவடே தெரியாது. 'கணவர் துபாயில் வேலை செய்கிற பெண்' என்பதைப் பிரித்தால் 'அந்தப் பெண்ணுடைய கணவர் துபாயில் வேலை செய்கிறார்'. ஆகவே 'தி உமன் ஹூஸ் ஹஸ்பண்ட் வொர்க்ஸ் இன் துபாய்'. 'ஹூ ஹெர் ஹஸ்பண்ட்' என்று எழுதுகிறவர்கள் பெண் ஆள்தானே என்று ஹூ போட்டுவிட்டு, விட்டுப்போன 'உடைய'வை 'ஹெர்' வைத்துச் சரிகட்டப் பார்க்கிறார்கள். பொருளுக்கும் ஹூஸ் தாராளமாக வரும்: 'கூரை ஒழுகுகிற வீடு' என்பது 'தி ஹவுஸ் ஹூஸ் ரூஃப் லீக்ஸ்'. இன்னொன்றையும் கவனியுங்கள்: 'ஹூ இஸ்' என்பதன் சுருக்கமும் காதுக்கு ஹூஸ் என்றே கேட்கும். எழுத்தில் அதற்குத்தான் மேற்குறி (அபாஸ்ட்ரஃபி) உண்டு; உடைமையைக் காட்டும் சொல்லுக்குக் கிடையாது.

'இல்' வந்து அது இடமானால் வேர், காலமானால் வென். 'இன் விச்' என்றும் எழுதலாம். ஆனால் 'தி ஹவுஸ் வேர் ஐ லிவ் இன்' என்று இரண்டையும் சேர்க்கக் கூடாது. வேர் என்ற சொல்லுக்குள்ளேயே 'இல்' அடங்கிவிட்டது. 'ஓடு', 'இடம்', 'கு', 'ஆல்' போன்றவை வந்தால் அதற்கான ஆங்கில முன்னிடைச்சொல்லை, அதாவது வித், டு போன்ற ப்ரெப்பொசிஷனை, கூடவே கொண்டுவர வேண்டும். 'நான் பேசிக்கொண்டிருந்த மனிதர்' என்றால் அந்த மனிதரோடு பேசிக்கொண்டிருந்தேன். 'தி மேன் வித் ஹூம் ஐ வாஸ் டாக்கிங்'. அந்த 'வித்'தை வாக்கியத்தின் கடைசியிலும் வைக்கலாம். எங்கே வைத்தாலும் சரி, தொலைத்துவிடக் கூடாது.

மூன்றாம் படி: பெயரை முன்னே கொண்டுபோய், பழைய சொல்லை எடுத்துவிடுங்கள்

தமிழில் பெயர் கடைசியில் வரும், ஆங்கிலத்தில் முதலில் வரும். பேனா, அதை ஒட்டி விச், பிறகு மீதி: 'தி பென் விச் ஐ பாட் எஸ்டர்டே இஸ் லாஸ்ட்'.

என் மாணவர்களின் நோட்டுகளில் சிவப்பு மை அதிகம் விழுந்த இடம் இதுதான். 'தி பென் விச் ஐ பாட் இட் எஸ்டர்டே' என்று நடுவில் ஓர் 'இட்' உட்கார்ந்திருக்கும். இதைக் கவனக்குறைவு என்று நான் சொல்ல மாட்டேன். 'பாட்' என்ற வினைக்கு 'எதை' என்ற கேள்வி இருக்கிறதே, அதற்குப் பதில் வேண்டாமா என்று மாணவரின் மனம் நியாயமாகவே கேட்கிறது. பதில் முன்னாலேயே வந்துவிட்டது. 'விச்'தான் அந்த 'அதை'. 'இட்' எழுதினால் 'அதை' இரண்டு முறை வந்துவிடும். எழுதி முடித்ததும் விச்சுக்குப் பின்னால் இட், தெம் இருக்கிறதா, ஹூமுக்குப் பின்னால் ஹிம், ஹெர், தெம் இருக்கிறதா என்று ஒரு முறை தேடுங்கள். அதே பொருளையோ ஆளையோ குறித்தால் அடித்துவிடுங்கள்.

'ஐ' உருபு வந்த இடத்தில் விச்சையும் ஹூமையும் விட்டுவிடவும் செய்யலாம்: 'தி பென் ஐ பாட் எஸ்டர்டே'. வால் இல்லாத இடத்தில், அதாவது எழுவாயாக நிற்கும்போது, விடவே கூடாது. 'தி பாய் கேம் எஸ்டர்டே இஸ் மை பிரதர்' என்றால் கேட்பவர் 'பையன் நேற்று வந்தான்' என்று வாக்கியத்தை முடித்துக்கொண்டு, அடுத்து வரும் 'இஸ்'ஸில் இடறுவார். நடுவே 'ஹூ' கட்டாயம்.

தட் பற்றிச் சுருக்கமாக: ஹூ, ஹூம், விச் மூன்றின் இடத்திலும் வரும். முன்னிடைச்சொல்லை ஒட்டி வராது. 'இன் தட் ஐ லிவ்' என்று எழுதக் கூடாது. 'எவ்ரிதிங்', 'ஆல்' போன்றவற்றுக்குப் பிறகு தட் இயல்பாக வரும்: 'எவ்ரிதிங் தட் யூ செட்'. அங்கே வாட் வராது. வாட் எப்போது வரும் என்பதற்கும் தமிழிலேயே அடையாளம் உண்டு. 'நீ சொன்ன செய்தி' என்று பெயர் பின்னால் நின்றால் விச் அல்லது தட். பெயரே இல்லாமல் 'நீ சொன்னது எனக்குப் புரிந்தது' என்று வினையாலணையும் பெயராக வந்தால் வாட்: 'ஐ அண்டர்ஸ்டுட் வாட் யூ செட்'.

நான்காம் படி: காற்புள்ளி வேண்டுமா என்று கேளுங்கள்

வேலைக்கு விண்ணப்பிக்க ஒரு மாணவி எழுதிவந்த கடிதத்தில் 'மை ஃபாதர் ஹூ இஸ் எ ஃபார்மர்' என்று காற்புள்ளி இல்லாமல் இருந்தது. சொற்கள் எல்லாம் சரிதான். ஆனால் காற்புள்ளி இல்லாத ஹூ, பலரில் ஒருவரைப் பிரித்துக் காட்டுகிற ஹூ. அப்படி எழுதினால் 'என் அப்பாக்களில் விவசாயியாக இருப்பவர்' என்ற பொருள் வரும். 'மை ஃபாதர்' என்றதுமே யார் என்று தெரிந்துவிட்டது, விவசாயி என்பது கூடுதல் செய்தி. ஆகவே இருபுறமும் காற்புள்ளி: 'மை ஃபாதர், ஹூ இஸ் எ ஃபார்மர், டாட் மீ திஸ்'.

தமிழில் 'சென்னையில் இருக்கிற என் அண்ணன்' என்றால் உங்களுக்கு ஓர் அண்ணனா, மூவரா என்று தெரியாது. ஆங்கிலத்தில் காற்புள்ளி அதைச் சொல்லிவிடும்: இருந்தால் அண்ணன் ஒருவர்தான், இல்லையென்றால் வேறு அண்ணன்களும் உண்டு. ஆள்பெயர், ஊர்ப்பெயருக்குப் பின்னால் அநேகமாக எப்போதும் காற்புள்ளி வரும். காற்புள்ளி வந்த இடத்தில் தட் வராது, சொல்லை விட்டுவிடவும் முடியாது.

பயிற்சி

பெயரெச்சம் கொள்ளும் பெயர்களை நன்னூல் ஆறாகச் சொல்கிறது: செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செயப்படுபொருள். 'சாப்பிட்ட' என்ற ஒரே சொல் இத்தனைக்கும் பொருந்தும் என்பதுதான் நம் மொழியின் அழகு, ஆங்கிலம் எழுதும்போது நமக்கு வரும் சிக்கலும் அதுவே. செயலை மட்டும் தள்ளிவைத்துவிட்டு மற்ற ஐந்தையும் பிரித்துப் பாருங்கள். சாப்பிட்ட பையன், சாப்பிட்ட தட்டு, சாப்பிட்ட வீடு, சாப்பிட்ட நாள், சாப்பிட்ட சோறு. விடையைப் பார்க்கும் முன் ஒவ்வொன்றுக்கும் மறைந்த உருபைத் தாளில் எழுதுங்கள்.

பையன் சாப்பிட்டான், வால் இல்லை: 'தி பாய் ஹூ ஏட்'. தட்டில் சாப்பிட்டான்: 'தி பிளேட் ஃப்ரம் விச் ஹி ஏட்', தமிழில் 'இல்' என்றாலும் ஆங்கிலத்தில் தட்டுக்கு ஃப்ரம் பொருந்தும். வீட்டில் சாப்பிட்டான்: 'தி ஹவுஸ் வேர் ஹி ஏட்'. அந்த நாளில் சாப்பிட்டான்: 'தி டே வென் ஹி ஏட்', அல்லது 'தி டே ஆன் விச் ஹி ஏட்'. சோற்றைச் சாப்பிட்டான்: 'தி ரைஸ் விச் ஹி ஏட்', அல்லது விச் இல்லாமலே 'தி ரைஸ் ஹி ஏட்'.